தொண்ணூற்றிரண்டு கிலோவும் இருபது அட்டைகளும்

தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள என் மச்சானை, அவர் சுண்டுவிரலைக்கூட அசைக்காமல், நானும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், இருபது வாழ்த்து அட்டைகளைத் திருப்பித் திருப்பியே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். கப்பி கிடையாது. இயந்திரம் கிடையாது. நெசவு. வெறும் நெசவு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முப்பத்துநான்கு வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தவன் நான். 'இன்னும் பத்து நிமிடத்தில் வந்து சேரும்' என்று நான் சொன்ன வண்டிகளில் பாதி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்டவன் பேச்சை யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பமாட்டாள். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பார்க்காததை எழுதமாட்டாள், கேட்டதை விடமாட்டாள்.

எல்லாம் எங்கள் வீட்டுப் பின்னறையால் வந்தது. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு கதவு, நல்ல வெளிச்சம். ஓய்வு பெற்ற மறுநாளே அதை என் 'கலைக்கூடம்' என்று அறிவித்துவிட்டேன். அறிவிப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? முதலில் ரொட்டி சுட்டேன். அந்த ரொட்டி இன்றைக்கும் கதவு ஆடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு கிடார். மூன்று கம்பி மிச்சம். பிறகு மரத்தில் வாத்து செதுக்கினேன். கழுத்துவரைக்கும் பிரமாதமாக வந்தது. தலைக்குத்தான் மரம் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டிலிருந்து என் மச்சான் இறங்கி வந்தார். என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள லிஃப்டுகள் எல்லாம் அவர் கையெழுத்துக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். கையில் அளவு நாடாவோடு வந்தவர் பேசாமல் பின்னறைக்குள் போனார். நீளம் அகலம் எடுத்தார்.

"என்ன மச்சான், லிஃப்ட் வைக்கப் போறீங்களா?"

"உடற்பயிற்சி சைக்கிள் வைக்கப் போறேன் மாப்ள. மேல எனக்கு இடமே இல்ல. இங்க என்ன இருக்கு? தலையில்லாத ஒரு கோழி."

"அது வாத்து!"

"தலை இருந்தாத்தானே தெரியும்?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். தீர்ப்பு வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தொனி ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்னங்க, ரெண்டு வருஷத்துல எதையாவது முடிச்சிருக்கீங்களா?"

"எல்லாம் முடியுற கட்டத்துல இருக்கு."

"சரி. அடுத்த ஞாயிறு ஆறு மணி வரைக்கும் டைம். ஒரே ஒரு பொருள். முழுசா முடிக்கணும். அதால ஒரு வேலையும் ஆகணும், ஷோவுக்கு வைக்கிற கதையெல்லாம் வேண்டாம். முடிச்சா அறை உங்களுக்கு. இல்லன்னா அண்ணா சைக்கிளுக்கு."

"மேல்முறையீடு உண்டா?"

"கிடையாது."

மச்சான் மறுநாள் காலையிலேயே தன் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டார். ஐந்து உருளைச் சக்கரம், கறுப்பு மெத்தை, ஆபீஸ் நாற்காலி. சைக்கிளுக்கு முன்னோடியாம். படை வருவதற்கு முன்னால் கொடியை நட்ட மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே கைவேலைச் சாமான் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னத் தறி. முழங்கை நீளப் பலகை, அதில் விரல் மாதிரி ஆறேழு முளைகள், அவ்வளவுதான். பெட்டியின் மேல் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தாள். 'அட்டை நெசவு: ஒரு மணி நேரத்தில் கற்கலாம்' என்று போட்டிருந்தது. எனக்கோ ஒரு வாரம் இருக்கிறது! அந்தக் கணக்குப்படி நூறு மடங்கு கைதேர்ந்தவனாகிவிடலாம் என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தபோதுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: 'அட்டைகள் இதில் இல்லை.'

அட்டை நெசவுக்கு அட்டை இல்லை. பேருந்து வந்துவிட்டது, சக்கரம் மட்டும் பின்னால் வருகிறது என்கிற மாதிரி.

என்னிடமா அட்டைக்குப் பஞ்சம்? ஓய்வு பெற்றபோது வந்த வாழ்த்து அட்டைகள் ஒரு பை நிறைய இருந்தன. நல்ல தடிப்பு, பளபளப்பு. இருபது அட்டைகளை எடுத்துச் சதுரமாக வெட்டினேன். ஒவ்வொரு மூலையிலும் ஒரு துளை. நிலைய மேலாளர் எழுதியிருந்த 'உங்கள் குரல் இல்லாத நிலையத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை' என்பதில் வெட்டு போக 'நினைத்துப் பார்க்கவே' மட்டும் மிஞ்சியது. பயணச்சீட்டு கொடுக்கும் அம்மா எழுதியிருந்த 'இனிமேல் நிம்மதி' முழுசாகத் தப்பித்தது. யாருக்கு நிம்மதி என்று அவர் சொல்லவில்லை.

முறை என்னமோ எளிது. ஒரு அட்டைக்கு நான்கு துளை, துளைக்கு ஒரு நூல். இருபது அட்டைகளையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தி, நூல்களை இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட வேண்டும். அந்த அட்டைக்கட்டு மொத்தத்தையும் கால் சுற்று திருப்பினால் சில நூல் மேலே போகும், சில நூல் கீழே வரும், நடுவில் ஒரு வாய் திறக்கும். அந்த வாய்க்குள் குறுக்கு நூலை விட்டு, ஒரு மழுங்கல் கத்தியால் நெருக்கித் தட்ட வேண்டும். மறுபடி கால் சுற்று. மறுபடி வாய். மறுபடி நூல். பட்டையாக வளர்ந்துகொண்டே வரும்.

எண்பதாயிரம் நூல்களைக் கோத்தேன். சரி, எண்பது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிவிட்டாள். கோத்து முடிக்கவே செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. அதிலும் நூலைச் சில அட்டைகளில் இடப்பக்கமிருந்து விட்டிருக்கிறேன், சிலவற்றில் வலப்பக்கமிருந்து. ஒழுங்கில்லாமல், கைக்கு வந்தபடி. நான்கு விரற்கடை நெய்வதற்குள் பட்டை பன்றி வால் மாதிரி சுருண்டுகொண்டது.

மச்சான் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது என்ன மாப்ள, ஸ்பிரிங்கா?"

"டிசைன் மச்சான்."

"டிசைன் தானா ஓடி ஒளியப் பார்க்குதே."

பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் திசை மாற்றிக் கோத்தேன். புதன்கிழமை காலை பட்டை தட்டையாக, அழகாக, நாக்கு நீட்டுகிற மாதிரி வெளியே வந்தது. அப்படி ஒரு குஷி எனக்கு! முன்னால், முன்னால், முன்னால் என்று திருப்பித் தள்ளினேன். அங்கேதான் தவறினேன். அட்டையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால், அட்டைக்கு இந்தப் பக்கம் துணி வளரும், அந்தப் பக்கம் முறுக்கு வளரும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பின்பக்கமாகத் திருப்பி அந்த முறுக்கை அவிழ்க்க வேண்டுமாம். பெட்டியில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். ஆனால் நான் முப்பத்துநான்கு வருடத்தில் எந்த வண்டியையும் 'பின்னோக்கிச் செல்லும்' என்று அறிவித்தவனே இல்லை. நூல் முறுக்கு ஏறி இறுகி இறுகி, தறி 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது. பாராட்டுகிறது என்று நினைத்து இன்னும் நாலு சுற்று கொடுத்தேன்.

படார்!

ஒரு முளை பிடுங்கிக்கொண்டு பறந்தது. கூடத்தைக் கடந்து, மச்சானின் காதோரமாகப் போய், அவர் காபிக் கோப்பையில் முங்கியது. குண்டு பாய்கிற வேகம். மனைவி 'மெதுவாகத்தான் விழுந்தது' என்பாள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அவளுக்கு என்ன தெரியும்?

மச்சான் முளையைக் கரண்டியால் எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆபத்தான இயந்திரம்" என்றார். "நான் ஒரு நாளும் கையெழுத்துப் போடமாட்டேன்."

பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. சின்னத் தறியின் ஆயுசு மூன்று நாள். ஆனால் அட்டைகள் இருந்தன, நூல் இருந்தது, பெட்டியில் அதற்கும் ஒரு படம் இருந்தது: நூலின் ஒரு முனையை எங்காவது கட்டிவிட்டு, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டும் நெய்யலாம். உடம்பே தறி! நெய்யும் ஆள் பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், நெய்த பட்டையை இடுப்புக் குச்சியில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை நூலை நீளமாகப் புதிதாக ஓட்டினேன். வெள்ளிக்கிழமை அறைக் கதவின் கைப்பிடியில் கட்டினேன். அருமையாகப் போனது, மச்சான் தட்டாமல் கதவைத் திறக்கும்வரை. கதவு அந்தப் பக்கம் திறக்கும் கதவு. நூலும் நானும் சேர்ந்து கூடத்துக்குள் வரவேற்கப்பட்டோம். முகத்தால் தரையைப் பெருக்கிய முதல் அறிவிப்பாளர் நான்தான்.

"கைப்பிடியில எதுக்கு மாப்ள உங்களக் கட்டி வச்சிருக்கீங்க?"

"திறக்கறதுக்கு முன்னாடி தட்டணும் மச்சான்!"

"என் அறைக்கு நானே எதுக்குத் தட்டணும்?"

'என் அறை' என்று சொல்லிவிட்டார் பாருங்கள். சிக்குப் பிரிக்கவே சனிக்கிழமை முழுக்கப் போய்விட்டது. ஞாயிறு விடிந்தபோது என் கையில் முடிந்த பட்டை ஒரு சாணே ஒரு சாண். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று மனைவியின் தடையுத்தரவு. ஜன்னல் கம்பி ஆடியது. கட்டில் சரியான கோணத்தில் இல்லை. நூலைக் கட்ட இந்த உலகத்தில் இடமே இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவி தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். "ஆறு மணிக்கு வருவேன். அண்ணா, நீங்க பார்த்துக்குங்க. கடையில வாங்கின எதையாவது கொண்டுவந்து வச்சிடப் போறாரு."

"நீ போம்மா. என் கண்ணைத் தாண்டி ஒரு நூல் போகாது."

கூடத்தில், பின்னறை வாசலுக்கு நேர் எதிரே, மச்சான் தன் சக்கர நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் காலைத் தொங்கவிட்டு உட்காரத் தெரியாது. செய்தித்தாளைப் பிரித்தார். நான் அறைக்குள் நூலும் கையுமாக, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றேன். அந்தக் கோலம் அவருக்கே பொறுக்கவில்லை.

"எங்கயும் கட்ட இடமில்லையா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"இந்தாங்க, என் நாற்காலியில கட்டிக்குங்க. தொண்ணூத்திரெண்டு கிலோ. நான் உட்கார்ந்துட்டா பூமி நகர்ந்தாலும் நான் நகரமாட்டேன். அப்புறம் தோத்ததுக்கு நான்தான் காரணம்னு சொல்லக்கூடாது பாருங்க."

எப்பேர்ப்பட்ட மனசு! நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே, அவர் வயிற்றுக்கு முன்னால் ஒரு குச்சியைப் பிணைத்து, அதில் நூலைக் கட்டினேன். நான் பின்னறைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மறுமுனையை இடுப்பில் கட்டி, காலை நீட்டினேன். எண்பது நூலும் வாசல் வழியாகக் கூடத்துக்குள் நீண்டன. அட்டைகளைத் திருப்பினேன். வாய் திறந்தது. நூல் போனது. தட்டு. இந்தத் தடவை எட்டு முறை முன்னால், எட்டு முறை பின்னால். பட்டையில் வைர வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. புத்தி வந்தவன் கைக்கு வித்தையும் வரும்போலிருக்கிறது.

ஒரு முழம் நெய்ததும் அதைக் குச்சியில் சுற்றினேன். சுற்றினால் நான் முன்னால் நகர வேண்டும். நான் நகரவில்லை. சுவரோடு சாய்ந்திருந்தேன். ஆனாலும் நூல் விறைப்பாகவே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெய்தேன், சுற்றினேன். இன்னும் பெரிதானார். நாற்காலிச் சக்கரத்துக்குப் பூட்டு உண்டு. அதை அவர் போடவில்லை. ஊர் லிஃப்டுக்கெல்லாம் பிரேக் சரியா என்று தொங்கிப் பார்ப்பவர்! செய்தித்தாள் முகத்தின்மேல் கவிந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு குறட்டை. அந்தக் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி மூன்று விரிசல் விட்டது. சரி, விடவில்லை. அதிர்ந்தது.

இங்கே ஒரு நல்ல மனிதன் நெய்வதை நிறுத்தி அவரை எழுப்பியிருப்பான். நான் குரலைத் தாழ்த்தி அறிவித்தேன்: "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. கூடத்திலிருந்து புறப்பட்ட மச்சான், இன்னும் பத்து நிமிடத்தில் பின்னறைக்கு வந்து சேருவார்."

பத்து நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அது உங்களுக்கே தெரியும்.

திருப்பு, நூல், தட்டு. திருப்பு, நூல், தட்டு. நாலு வைரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்ணூற்றிரண்டு கிலோ நாலு விரற்கடை வரும். கை மரத்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, நிறுத்தவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொருள் என் கையில் முடியப் பார்க்கிறது. அந்த ஜன்னல் வெளிச்சத்தை ஒரு சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன்? கூடத்து சோபாவில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களை அறிவித்துக்கொண்டிருப்பேனா?

வாசற்படி வந்தது. நல்லவேளை, மேடு இல்லாத படி. நாற்காலிக் கைக்கும் கதவு நிலைக்கும் நடுவில் இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். இடது கை லேசாக நிலையில் உரசி 'க்ரீச்' என்றது. குறட்டை நின்றது. என் மூச்சும் நின்றது. மச்சான் வாயைச் சப்புக்கொட்டி, "மூணாவது மாடி" என்று முனகிவிட்டு, மறுபடி குறட்டையை எடுத்த இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் இடது ஓர நூலை மட்டும் சுண்டி விட்டேன். நாற்காலி நேரானது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவது போல மச்சான் என் கலைக்கூடத்துக்குள் பிரவேசித்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது அட்டைகள் அவர் வயிற்றை முட்டின. இனி நெய்ய நூல் இல்லை. கடைசிச் சுற்றில் செய்தித்தாள் நழுவி விழ, மச்சான் கண் திறந்தார். மூக்குக்கு நேரே அவருடைய வாழ்த்து அட்டை. அவர் கையெழுத்து. 'மாப்பிள்ளை, இனிமேலாவது எதையாவது முடி' என்பதுவரை தெரிந்தது.

கத்தினார் பாருங்கள் ஒரு கத்தல்! அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள்.

"அண்ணா, இங்க என்ன பண்றீங்க? அதுக்குள்ள குடி வந்துட்டீங்களா?"

நான் முனைகளை முடிச்சுப் போட்டு, கத்தரித்து, பட்டையை விரித்துப் போட்டேன். என் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம். முதல் வைரத்திலிருந்து கடைசி வைரம்வரை நெருக்கம் மாறாமல் இருந்தது.

"முடிச்சாச்சு" என்றேன். "வேலையும் ஆச்சு. கூடத்துலருந்து உங்க அண்ணனை இங்க இழுத்துக்கிட்டு வந்தது இந்தப் பட்டைதான். தூக்கத்துலயே."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் முப்பத்துநான்கு வருடத்துத் தாமத வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன.

"பட்டை முடிஞ்சிருக்கு, ஒத்துக்கறேன்" என்றாள். "இழுத்துச்சுன்னு சொல்றதுக்கு யார் சாட்சி? அண்ணா, நீங்க சொல்லுங்க. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தூங்கினேன் என்றால் காவல் போச்சு. பூட்டு போடவில்லை என்றால் பரிசோதகர் பெயரே போச்சு. நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்னம்மா பேசற? தொண்ணூத்திரெண்டு கிலோவை ஒரு நாடா இழுக்குமா? ஒரு நிமிஷம்கூட நான் கண்ணசரல. கிட்டக்கப் பார்க்கலாம்னு நானே காலால தள்ளிக்கிட்டு வந்தேன்."

"மச்சான்!" என்றேன்.

"என்ன மச்சான்? நானேதான் வந்தேன்."

என் அறை கண்ணெதிரே சைக்கிளாக மாறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லி நம்பவைத்து எனக்குப் பழக்கமில்லையே!

"அப்ப சரி" என்றாள் மனைவி. "அண்ணா, எந்திரிங்க. சைக்கிளை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு பார்ப்போம்."

மச்சான் கம்பீரமாக எழப் பார்த்தார். எழவில்லை. மறுபடி முயன்றார். சம்மணம் பிரியவே இல்லை. ஒரு காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். அது துவண்டு தொங்கியது. இன்னொன்றைத் தூக்கி வைத்தார். அதுவும்.

"என்னண்ணா?"

"ஐயோ, தொடாத, தொடாத! ரெண்டு காலும் மரத்துக் கிடக்கும்மா. சாப்பிட்டுட்டு மடக்கி வச்சதுதான். இடுப்புக்குக் கீழ கால் இருக்கறதே தெரியல."

மனைவி நிதானமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டுட்டு மடக்கி வச்சது?"

"ஆமா."

"நடுவுல பிரிக்கவே இல்ல?"

"பிரிச்சா மரக்குமா?"

"அப்ப எந்தக் காலால தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

கூடத்துக் கடிகாரம் ஆறு அடித்தது. மச்சான் வாசலைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார், நாற்காலியின் பூட்டைப் பார்த்தார். பட்டையை எடுத்து இரண்டு கையாலும் சுண்டி இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். அது முனகக்கூட இல்லை. லிஃப்டின் கம்பிவடத்தைப் பார்க்கிற அதே கண்ணால் அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தளர்வே இல்ல" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "நான் தானா நகர்ந்திருந்தா நூல் தொய்ஞ்சிருக்கும். அந்த இடத்துல நெசவு லூசாயிருக்கும். ஒரு இடத்துலகூட இல்லியே."

"அண்ணா, நான் கேட்டதுக்குப் பதில்?"

மச்சான் பெருமூச்சு விட்டார்.

"எழுதிக்கோம்மா. பூட்டு போடல. தூங்கிட்டேன். தொண்ணூத்திரெண்டு கிலோ, இவரு இழுத்தாரு, நான் வந்தேன். நடந்தது உண்மை."